மேளத்துக்குப் பரிந்து பேசியவர்

ஒரு தப்பைச் சொல்லிவிட்டு இந்த வாரக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

போன தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓர் இளைஞர் எனக்கு ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். அவருடைய உறுமி மேளக் குழு வாசித்தது, ஏழு நிமிடம். "அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில உங்க நிகழ்ச்சியில போட முடியுமா? நாங்க எல்லாம் வேலைக்குப் போய்ட்டு ராத்திரியில பழகுறோம்" என்று எழுதியிருந்தார். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் பதில் இப்படிப் போனது: "நல்லா இருக்கு தம்பி. ஆனா இது குடும்பங்கள் கேட்கும் நேரம். சரிவராது."

ஏன் சரிவராது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. உறுமி என்றாலே சிலருக்கு நினைவுக்கு வருவது சாலை மறியல், சண்டை, கும்பல், போலீஸ். நேயர்கள் சிலர் அழைத்துத் திட்டுவார்கள் என்ற பயம்தான் என் உண்மையான காரணம்.

அதற்கு மறுவாரம் அதே நிகழ்ச்சியில் 'உலக இசை' பகுதிக்காக ஸ்டீல்பேன் இசையைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணெய் பீப்பாயை வெட்டி, அடித்துக் குழிவாக்கிச் செய்த வாத்தியம். கரீபியன் தீவான டிரினிடாட்டில் பிறந்தது. தேன் சொட்டுவது போன்ற ஓசை. நேயர்களுக்கு ரொம்பப் பிடித்தது. அறிமுகத்தில் இரண்டு வரி சொல்லலாமே என்று அந்த வாத்தியத்தின் கதையைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் ஸ்டீல்பேனும் ஒரு காலத்தில் 'குடும்பங்கள் கேட்கும் நேரத்துக்குச் சரிவராத' மேளம். அதை அடித்தவர்களும் ரவுடிப் பையன்கள் என்றே அழைக்கப்பட்டார்கள்.

அந்தக் கதையில்தான் ஆல்பர்ட் கோமஸ் என்ற மனிதரைச் சந்தித்தேன்.

இன்னொரு போர்த்துகீசியக் கதை

போர்த்துகீசியர் என்றதும் நமக்கு மலாக்காதான் ஞாபகம் வரும். கோட்டை வாசல், உஜோங் பாசிர் குடியிருப்பு, ஜூன் மாத சான் பெட்ரோ திருவிழா. டிரினிடாட்டின் போர்த்துகீசியர் கதை வேறு. அங்கே அவர்கள் ஆள வரவில்லை, பிழைக்க வந்தார்கள்.

டிரினிடாட் நம் நெகிரி செம்பிலானைவிடச் சிறிய தீவு. வெனிசுவேலா கரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர்தான். கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகு ஆள் தேவைப்பட்டது. 1840களில் மதீரா தீவிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்தார்கள். 1845 மே 30ஆம் தேதி 'ஃபாட்டல் ரசாக்' கப்பல் முதல் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். மதராஸிலிருந்தும் சில கப்பல்கள் போயின. நம் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துக்கு வந்த கதைக்கு அது அண்ணன் கதை.

போர்த்துகீசியர்களில் பலர் தோட்ட வேலையை விட்டுச் சீக்கிரமே மளிகைக் கடை, ரம் கடை என்று போட்டு உட்கார்ந்தார்கள். தோல் நிறத்தில் வெள்ளையர்கள்தான். ஆனால் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியும் பிரெஞ்சுப் பரம்பரைப் பணக்காரரும் அவர்களைத் தங்கள் வரிசையில் சேர்க்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கோ அவர்கள் கடன் கொடுத்து வட்டி வாங்கும் கடைக்காரர்கள். 'பொட்டகீ' என்று ஓர் இளக்காரச் சொல் இருந்தது. நம்மைக் குறிக்கவும் இந்த ஊரில் அப்படி ஒரு சொல் உண்டு. அது காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மேலேயும் சேராமல் கீழேயும் சேராமல் நடுவில் நின்ற அந்தச் சமூகத்தில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் 1911இல் பிறந்தவர் ஆல்பர்ட் கோமஸ்.

இருபது வயதில் ஒரு பத்திரிகை

இளம் வயதில் நியூயார்க் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினார். 1931 மார்ச்சில் 'தி பீக்கன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கைக்காசு அப்பாவுடையது. வயது 20.

அதில் எழுதியவர்களைப் பாருங்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சி.எல்.ஆர். ஜேம்ஸ், கறுப்பினத்தவர். ஆல்ஃப்ரெட் மெண்டஸ், கோமஸைப் போலவே போர்த்துகீசிய வம்சாவளி. 2019இல் வந்த '1917' போர்ப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் இயக்குநர் சாம் மெண்டஸுக்கு அந்தக் கதையின் விதையைச் சொன்ன தாத்தா இவர்தான்.

அதுவரை அந்தத் தீவில் இலக்கியம் என்றால் இங்கிலாந்துப் பூக்களையும் பனிமழையையும் பற்றி எழுதுவது. பீக்கன் கும்பல் ஊரின் குடிசை வாசல்களுக்குள் நுழைந்தது. அங்கே பேசும் பேச்சிலேயே கதை எழுதியது. இந்தியர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியது. நிறவெறியையும் மதகுருமார்களையும் காலனி அரசையும் வம்புக்கு இழுத்தது. பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். 1933 நவம்பரோடு இதழ் நின்றது. மூன்றாண்டுகூட முழுதாக வரவில்லை. ஆனால் கரீபியன் இலக்கிய வரலாற்றை எழுதுபவர் யாரும் இன்றும் அதைத் தாண்டிப் போவதில்லை.

1937இல் எண்ணெய் வயல்களில் தொழிலாளர் போராட்டம் வெடித்தது. தீவே அதிர்ந்தது. அந்த அலையில் கோமஸும் தொழிற்சங்கத்துக்குள் வந்தார். குவின்டன் ஓகானர் என்பவரோடு சேர்ந்து 'ஃபெடரேட்டட் ஒர்க்கர்ஸ்' சங்கத்தை நடத்தினார். 1938இல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945இல் நாட்டின் மூத்த மக்கள் தலைவர் கேப்டன் சிப்ரியானி இறந்தபோது, அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். அந்தத் தேர்தல்வரை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று வந்தது 1946இல்தான். அந்தத் தேர்தலிலும் கோமஸ் வென்றார்.

ஆள் மிகப் பருமனானவர். குரலும் அப்படியே. அவர் பேச எழுந்தால் மன்றம் நிமிர்ந்து உட்காரும்.

பீப்பாயும் மணியும்

இப்போது மேளத்துக்கு வருவோம்.

டிரினிடாட்டில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோல் மேளங்களுக்கு 1880களிலேயே ஆங்கிலேயர்கள் தடை போட்டார்கள். மேளம் போனதும் மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களில் மூங்கிலோடு பிஸ்கட் டின், பெயிண்ட் டின், குப்பைத்தொட்டி மூடி எல்லாம் சேர்ந்தன. டின்னில் ஒரு பக்கம் குழி விழுந்தால் ஓசை மாறுகிறது என்று எந்தப் பையனோ கண்டுபிடித்தான். ஒரு குழிக்கு ஒரு சுரம். எண்ணெய் எடுக்கும் தீவில் காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமா? இரண்டாம் உலகப் போர் முடிந்தது என்ற செய்தி வந்த 1945இல், போர்க் காலத்தில் தடுக்கப்பட்டிருந்த பையன்கள் டின்களோடு தெருவில் இறங்கினார்கள்.

நகரத்துப் படித்த குடும்பங்கள் காதைப் பொத்திக்கொண்டன. நாளிதழ்களுக்குப் புகார்க் கடிதங்கள் போயின. போலீஸ் வழக்குப் போட்டது. புகாரில் உண்மையும் இருந்தது. குழுக்களுக்குப் பெயரே சினிமாவில் பார்த்த போரிலிருந்தும் அடிதடியிலிருந்தும் வந்தது: இன்வேடர்ஸ், டோக்கியோ, டெஸ்பரடோஸ். ஒரு குழுவும் இன்னொரு குழுவும் தெருவில் சந்தித்தால் கத்தியும் பாட்டிலும் பறந்தன. 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதியதை இன்றும் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் நாளிதழில் பத்தி எழுதி, மன்றத்தில் எழுந்து நின்று, இந்த டின் பையன்களுக்காகப் பரிந்து பேசியவர்களில் முக்கியமானவர் கோமஸ். அவர் வாதம் எளிமையானது. இந்தத் தீவு உலகத்துக்குத் தரப்போவது இங்கிலாந்தைப் பார்த்துக் காப்பியடித்ததை அல்ல, இந்தச் சேரியில் பிறந்ததைத்தான். சண்டையை அடக்குங்கள், இசையை அடக்காதீர்கள்.

யோசித்துப் பாருங்கள். அவர் அந்தச் சேரியில் பிறந்தவர் அல்ல. அந்த மேளம் அவர் வீட்டு மேளமும் அல்ல. அதற்காகப் பேசினால் அவர் சொந்தச் சமூகத்துக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கலிப்ஸோ பாட்டுக்கும் அதே நிலைமைதான். அரசாங்கத்தைக் கிண்டலடிக்கும் தெருப்பாட்டு அது. 1930களில் தணிக்கைச் சட்டம் வந்தது. அதையும் எதிர்த்தார்கள். இங்கே ஒரு சுவையான செய்தி. 'அட்டிலா த ஹன்' என்ற பெயரில் பாடிய கலிப்ஸோ பாடகர் ரேமண்ட் கெவேடோவே 1946இல் நகர மன்றத்துக்கும் 1950இல் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாட்டுக்காரர் தம் பாட்டுக்காகத் தாமே பேசினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூன்றாவதாக ஒரு மதம். 'ஷவுட்டர் பாப்டிஸ்ட்' என்று அழைக்கப்பட்ட ஏழைக் கறுப்பினத்தவரின் கிறிஸ்துவ வழிபாடு. தலையில் துணி கட்டி, மணி அடித்து, மெழுகுவத்தி ஏந்தி, அருள் வந்து குரலெடுத்துப் பாடுவார்கள். சத்தம் போடுகிறார்கள் என்று 1917இல் அந்த வழிபாட்டையே சட்டம் போட்டுத் தடை செய்தது அரசு. கும்பிட்டதற்காக அபராதம், சிறை. 34 ஆண்டுகள் காட்டுக்குள் ஒளிந்து கும்பிட்டார்கள். கிரெனடாவில் பிறந்த எல்டன் கிரிஃபித் என்ற மதத்தலைவர் சளைக்காமல் மனுப் போட்டுப் போராடினார். சட்டமன்றத்துக்குள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் கோமஸும் ஒருவர். 1951 மார்ச் 30ஆம் தேதி அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1996 முதல் அந்த நாள் டிரினிடாட்டில் பொது விடுமுறை.

அதே 1951இல் பையன்கள் சிலர் தங்கள் பீப்பாய்களோடு கப்பலேறி லண்டன் போனார்கள். பிரிட்டன் விழாவில் வாசித்தார்கள். துருப்பிடித்த டின்களைப் பார்த்து முதலில் சிரித்த கூட்டம், இசையைக் கேட்டபின் வாய் பிளந்தது. லண்டன் கைதட்டிய பிறகு உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கும் அது 'கலை' ஆகிவிட்டது. இந்த வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

கோமஸ்தான் அரசாங்கம்

இதுவரை கேட்டால் நல்லவர் கதை. ஆனால் பாதியோடு நிறுத்தினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

1950இல் புது அரசியலமைப்பு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் ஐந்து பேர் அமைச்சர்கள் ஆனார்கள். கோமஸுக்குத் தொழிலாளர், தொழில், வணிகம். ஐவரில் இந்திய வம்சாவளியும் உண்டு, சீன வம்சாவளியும் உண்டு. முதலமைச்சர் என்ற பதவி அப்போது இல்லை. ஆனாலும் யார் முதல் ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 'கோமஸ்தான் அரசாங்கம், அரசாங்கம்தான் கோமஸ்' என்று ஊர் பேசியது. அதிக இடம் வென்ற தொழிலாளர் தலைவர் பட்லரின் கட்சிக்கு அந்த அமைச்சரவையில் ஓர் இடமும் தரப்படவில்லை.

நாற்காலி அவரை மாற்றியது என்று பழைய சங்கத் தோழர்கள் சொன்னார்கள். முதலாளிகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றார்கள். 1955இல் நடக்கவேண்டிய தேர்தலை, அரசியலமைப்புத் திருத்தம் என்று காரணம் சொல்லி ஓராண்டு தள்ளிப் போட்டது அந்த ஆட்சி. ஓட்டுப் போடக் காத்திருந்தவர்களை இன்னும் காத்திருக்கச் சொன்னார்கள். மக்களுக்காகப் பேசிப் பேசிப் பழகியவருக்கு, மக்கள் தாங்களே பேச நினைக்கிறார்கள் என்பது கேட்கவில்லை.

அந்த ஓராண்டுதான் அவரைச் சாய்த்தது. எரிக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின வரலாற்றுப் பேராசிரியர் நகரத்தின் உட்ஃபோர்ட் சதுக்கத்தில் நின்று மாலை மாலையாக மக்களுக்கு அரசியல் பாடம் நடத்தினார். 1956 ஜனவரியில் கட்சி தொடங்கினார். செப்டம்பரில் 24 இடங்களில் 13ஐப் பிடித்தார். கோமஸ் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அவர் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை.

மேளம் அடித்த பையன்கள் பலரும் அன்று யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினம் அல்ல. தங்கள் முகத்தைப் போல் முகமுள்ள ஒருவர், தங்களைவிட அதிகம் படித்த ஒருவர், முதல்முறையாக அவர்கள் முன் நின்றார். அதில் நன்றிகெட்டத்தனம் எதுவும் இல்லை. ஆனால் கோமஸுக்கு அது காயம்தான்.

பிறகு இந்தியத் தலைவர்களின் கட்சியோடு சேர்ந்து 1958இல் மேற்கிந்தியக் கூட்டரசு நாடாளுமன்றத்துக்குப் போனார். கூட்டரசே 1962இல் கலைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி டிரினிடாட் சுதந்திரம் பெற்றது. கோமஸ் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1974இல் சுயசரிதை எழுதினார். நிறத்தின் சிக்குவழிகளில் நடந்து வந்தவன் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். 1978இல் அங்கேயே இறந்தார். அவர் பரிந்து பேசிய பீப்பாய் மேளம் 1992இல் நாட்டின் தேசிய வாத்தியமானது. 2023இல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் தினமாக அறிவித்தது.

ஒலிவாங்கி யார் கையில்?

இந்த மனிதரை எப்படி எடுத்துக்கொள்வது என்று பல நாள் யோசித்தேன். தோற்றுப்போன அரசியல்வாதி என்று ஒதுக்க மனம் வரவில்லை. தமக்குச் சொந்தமில்லாத மேளத்துக்காக, தமக்கு ஓட்டு வராத சாமிக்காக வாய் திறந்தவர். அது பெரிய காரியம். நம்மில் எத்தனை பேர் நமக்குச் சொந்தமான மேளத்துக்கே வாய் திறக்கிறோம்?

அதே சமயம் அவர் தவறிய இடமும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வானொலியில் இருப்பதால் அது இன்னும் உறைக்கிறது. அடுத்தவருக்காகப் பேசுவது ஒரு கட்டம் வரைதான். அதற்குப் பிறகு ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் தள்ளிவைக்க வேண்டும். கலிப்ஸோ பாடகர் மன்றத்தில் எழுந்து தாமே பேசினாரே, அதுபோல. கோமஸ் முதல் பாதியை அழகாகச் செய்தார். இரண்டாம் பாதியில் ஒலிவாங்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

நானோ முதல் பாதியையே செய்யவில்லை.

சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்திய இசைக்கு 1973இல் விழுந்த தடை, 2016இல்தான் தளரத் தொடங்கியது. அங்கே ஒருவர் தடுத்தார் என்று சொல்லலாம். இங்கே என் நிகழ்ச்சியில் தடுத்தது யார்? நான்தான். டிரினிடாட் பையன்களின் மேளத்தை 'உலக இசை' என்று பெருமையாகப் போட்டேன். நம் பையனின் மேளத்தைச் 'சரிவராது' என்றேன். லண்டன் கைதட்டிய பிறகுதான் எனக்கும் காது திறக்கும் போல.

அந்தத் தம்பிக்கு அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் வேணாங்க்கா. தைப்பூசம் முடிஞ்சிருச்சே" என்றார்.

"பரவாயில்லை தம்பி. பாட்டை மட்டும் அனுப்பாதீங்க. நீங்களே வாங்க. உங்க குழுவைப் பத்தி நீங்களே பேசுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "சண்டை பத்தி எல்லாம் கேப்பீங்களாக்கா?" என்றார்.

"கேட்பேன்" என்றேன். "உங்க பதிலை நான் வெட்ட மாட்டேன்."

போன ஞாயிறு வந்தார்கள், மூன்று பேர். ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் கிடங்கில் வேலை, ஒருவர் கல்லூரி மாணவர். கூடத்துக்குள் நுழையும்போதே காலணியைக் கழற்றிவிட்டு உறுமியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். சண்டையைப் பற்றியும் பேசினார்கள், மழுப்பவில்லை. ஏழு நிமிடம் வாசித்தார்கள்.

திட்டி நான்கு அழைப்புகள் வந்தன. ஐந்தாவதாக ஒரு பாட்டி அழைத்தார். தோட்டத்தில் தம் அப்பா உறுமி அடித்தவர் என்றார். அந்தச் சத்தத்தை ஐம்பது வருடம் கழித்துக் கேட்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நானும் குறுக்கே எதுவும் பேசவில்லை.